‘நில்’ எழுதிய கைக்கு ஒரு மடல்

வட்டார மாசு தடுப்பு அலுவலகத்தின் உதவிப் பொறியாளர் திரு. தைரியநாதன் அவர்களுக்கு, பணி நிறைவு நாளில் (நிறைவு உறுதியானால்), அலுவலகத் தோழர்கள் அன்போடு வழங்குவது.

அன்பின் ஆழியே, அடக்கத்தின் அணிகலனே, கல்வராயன் காற்றையும் கோமுகி ஆற்றையும் கண்ணெனக் கருதிய கண்ணியமே, கள்ளக்குறிச்சிச் சீமையின் புகைபோக்கிகளெல்லாம் பெயர் சொன்னால் தலைகுனியும் புண்ணியரே, வணக்கம்!

தலைகுனியும் என்று எழுதியது சற்று அதிகம்தான். மடல் என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்றார்கள். தமிழ் இலக்கியம் படித்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக இந்தப் பொறுப்பு தட்டச்சர் இளஞ்செழியனாகிய என் தலையில் கட்டப்பட்டது. எழுத உட்கார்ந்த பிறகுதான் எந்தத் தைரியநாதனைப் பாராட்டுவது என்ற குழப்பம் வந்தது. முப்பது ஆண்டுகளாக ஒருவரையும் ஒன்றையும் நிறுத்தாத தைரியநாதன் ஒருவர் உண்டு. சென்ற பங்குனியில் ஓர் ஆலையையே நிறுத்திய தைரியநாதன் இன்னொருவர். இருவரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரே டம்ளரில் தேநீர் அருந்துவதைக் கண்ணாரக் கண்டும் எங்களுக்கு விளங்கவில்லை.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. மாலை வாங்கியாயிற்று, சால்வை வாங்கியாயிற்று, கேசரி கிண்டியாயிற்று. தங்களை ஓய்வு பெற அனுமதிக்கும் ஆணை மட்டும் வரவில்லை. தங்களிடம் மேலிடம் ஒரு விளக்கம் கேட்டிருக்கிறது. அதற்குத் தாங்கள் தந்திருக்கும் பதில் அவர்களுக்குத் திருப்தியாக இருந்தால், இன்று மாலை மாலையோடு வீட்டுக்குப் போவீர்கள். இல்லையென்றால், விசாரணை முடியும்வரை பணியும் இல்லாமல் ஓய்வும் இல்லாமல் நடுவில் கிடப்பீர்கள். ஆகவே இதைப் பிரிவு மடல் என்பதா, வெறும் மடல் என்பதா என்று எங்களுக்கே தெரியாது. கேட்போர் பொறுத்தருள வேண்டும்.

பணிவின் பாசறையே!

தியாகதுருகத்து மலையடிவாரத்தில் கல் உடைக்கும் ஆலையின் தூசு பருத்திச் செடிக்கெல்லாம் வெள்ளையடித்தபோது, தாங்கள் அங்கே போய் உரிமையாளரிடம் கைகூப்பி நின்றதை நாடறியும். வெள்ளிமலைக்குப் போகும் வளைவுகளில் சுற்றுலா வந்தவர்கள் எறிந்த பிளாஸ்டிக் பைகளை, அவர்கள் கண்முன்னே குனிந்து பொறுக்கி அவர்கள் வண்டியிலேயே வைத்து, நன்றியும் சொல்லி அனுப்பியதை நாங்கள் அறிவோம். போகிப் பண்டிகை விடியலில் டயர் கொளுத்திய இளைஞர்களிடம் தாங்கள் பேசப் போய், அவர்கள் தங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு, புகைக்கு நடுவே உட்கார வைத்துப் பொங்கல் வாழ்த்துச் சொன்னதும் உண்டு. அதட்டத் தெரியாத அதிகாரி என்று தங்களை முதுகுக்குப் பின்னால் கேலி செய்தோம். சில நாள் முகத்துக்கு நேராகவும் செய்தோம். தைரியநாதன் என்று பெயர் வைத்த தங்கள் தந்தையார் ஆளைப் பார்க்காமல் வைத்துவிட்டார் என்று ஓட்டுநர் பிரிட்டோ அடிக்கடி வருத்தப்படுவார்.

சொல்லின் சுருக்கமே!

எங்கள் அலுவலகத்துக்கென்று ஒரு சொல் உண்டு. ஒன்றுமில்லை, பூஜ்யம் என்பதற்கு ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழ் எழுத்தில் ‘நில்’ என்று எழுதுவது எங்கள் வழக்கம். விபத்து: நில். புகார்: நில். வெளியேறும் கழிவுநீர்: நில். இரண்டே எழுத்து. எழுதக் கை வலிக்காது, படிக்கவும் யாரும் வரமாட்டார்கள். இந்தச் சொல்லைத் தங்களைப் போல் அழகாக எழுதியவர் இந்த மாவட்டத்தில் இல்லை. ‘ல்’ மேல் வைக்கும் புள்ளி குங்குமப் பொட்டுப் போல இருக்கும். தமிழில் அதற்கு வேறு ஒரு பொருள் உண்டு என்பதைத் தமிழ் படித்த நான் உட்பட யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

வடக்கனந்தல் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலை. உரிமையாளர் வெங்கடேசன் நல்ல மனிதர். போனால் மோர் தராமல் அனுப்பமாட்டார். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் மரவள்ளிக் கிழங்கு அங்கேதான் அரைபடும். அரைத்த நீரைச் சுத்தம் செய்ய ஆலைக்குப் பின்னால் தொட்டிகள் கட்டியிருக்கிறார். அவற்றை ஓட்டினால் மின்சாரச் செலவு என்பதால் ஓட்டுவதில்லை. நீர் பால் போல வெளுத்து, புளித்த வாடையோடு ஓடையில் போகும். ஓடைக்கு அடுத்த குத்தகை நிலத்தில் தங்கமணி அம்மாள் நெல்லும் இரண்டு கறவை மாடும் வைத்திருக்கிறார். அவர் கிணற்று நீரில் சோறு பொங்கினால் சோறு புளிக்கிறது என்று எத்தனையோ மனு கொடுத்தார். தாங்கள் போனீர்கள், நீரைப் புட்டியில் பிடித்தீர்கள், மோர் குடித்தீர்கள், வந்துவிட்டீர்கள்.

சென்ற பங்குனியில், எல்லா ஆலை வாசலிலும் உள்ள கரும்பலகையைப் பூர்த்தி செய்து நண்பகலுக்குள் படம் அனுப்பச் சொல்லி மேலிடம் அவசரப்படுத்தியது. எந்த ஆலை எவ்வளவு கழிவுநீரை வெளியே விடுகிறது என்று ஊரார் பார்ப்பதற்காக வைத்த பலகை அது. வெங்கடேசனின் ஆலைப் பலகை காலியாக இருந்தது. தாங்கள் சுண்ணக்கட்டி கேட்டு வாங்கி, ‘வெளியேறும் கழிவுநீர்’ என்ற இடத்துக்கு எதிரே ‘நில்’ என்று எழுதினீர்கள். ஆய்வக உதவியாளர் பாத்திமா படம் எடுத்தார். பத்தடிக்கு அப்பால் ஓடை வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது. படத்தில் அது விழவில்லை.

மறுநாள் காலை தங்கமணி அம்மாள் பால் ஊற்றிவிட்டு அந்த வழியாகத் திரும்பினார். பலகையில் புதிதாக ஏதோ எழுதியிருப்பதைப் பார்த்து, எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார். வெளியேறும் கழிவுநீர், நில்! அவருக்குத் தெரிந்தது தமிழ் ஒன்றுதான்; ஆகவே தமிழில்தான் படித்தார். கவர்மெண்ட்டே நிறுத்தச் சொல்லி எழுதிப் போட்டுவிட்டது என்று ஊருக்குள் போய்ச் சொன்னார். ஊர் திரண்டு வந்து ஆலை வாசலில் உட்கார்ந்தது. மலையிலிருந்து கிழங்கு ஏற்றிவந்த லாரிகள் சாலையில் வரிசை கட்டின. கிழங்கு காத்திருக்காது, வெயிலில் கறுத்துவிடும். தங்களை அழைத்துவரச் சொல்லி வெங்கடேசன் தொலைபேசியில் கெஞ்சினார்.

குழப்பத்தின் கருவூலமே!

ஜீப்பில் தங்களை அழைத்துப்போனவர் பிரிட்டோ. சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தீர்களாம். வாசலில் இறங்கியதும் வெங்கடேசன் ஓடிவந்து தங்கள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், நீங்களே ஜனங்களுக்குச் சொல்லிடுங்க. அது இங்கிலீஷ் நில்லுதானே? பூஜ்யம்னுதானே போட்டீங்க?”

தாங்கள் பதில் சொல்வதற்குள் தங்கமணி அம்மாள் எழுந்து நின்றார்.

“பூஜ்யம்னு போட்டிருந்தா, அதோ வெள்ளையா போய்க்கினு இருக்குதே, அது இன்னாங்க சார்?”

ஆங்கிலம் என்று தாங்கள் சொன்னால், ஓடையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பொய் எழுதியவர் ஆவீர்கள். தமிழ் என்று சொன்னால், ஆலையை நிறுத்த அதிகாரமே இல்லாத ஓர் உதவிப் பொறியாளர் ஆணை போட்டதாக ஆகும். இப்படிச் சொன்னாலும் மாட்டுவீர்கள், அப்படிச் சொன்னாலும் மாட்டுவீர்கள். பின்னால் வந்து சேர்ந்த நாங்கள் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தோம். நடையைக் கட்டிவிடலாம் என்றுகூட நினைத்தோம்.

தாங்கள் பாத்திமாவிடம் சுண்ணக்கட்டி வாங்கினீர்கள். பலகை முன்னால் போய் நின்றீர்கள். அழிக்கப் போகிறீர்கள் என்று வெங்கடேசன் பெருமூச்சு விட்டார். தாங்கள் எதையும் அழிக்கவில்லை. ‘நில்’ என்பதற்குப் பக்கத்தில், அதே குண்டு குண்டான எழுத்தில், ‘லுங்கள்’ என்று சேர்த்தீர்கள்.

நில்லுங்கள்.

ஐயா, தெரு நாயைக்கூட ‘கொஞ்சம் நகருங்க’ என்று சொல்லித் தாண்டிப் போகிறவர் தாங்கள். கழிவுநீருக்கும் மரியாதை கொடுத்தீர்கள். ஆனால் அந்த மரியாதை விழுந்த பிறகு அந்தச் சொல்லை ஆங்கிலம் என்று படிக்க உலகத்தில் யாராலும் முடியாது. கூட்டம் கைதட்டவில்லை. அவர்களுக்கு அது காலையிலேயே தெரிந்த விஷயம். நாங்கள்தான் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தோம்.

ஆலை நின்றது. வெங்கடேசன் கோபத்தில் மோர் தரவில்லை. ஆனால் தொட்டிகளைத் தூர் வாரி, மோட்டாரை ஓட்டி, தெளிந்த நீர் வந்த பிறகே மறுபடி கிழங்கு அரைத்தார். இதை மட்டும் எழுதினால் மடல் அழகாக முடிந்துவிடும். நடந்தது அவ்வளவு அழகாக இல்லை. வெள்ளிமலையிலிருந்து கிழங்கோடு வந்த விவசாயி ராஜாங்கம், லாரிமேல் ஏறி நின்று தங்களை வாய்க்கு வந்தபடி திட்டினார். ஓடைக்காரர்கள் வயிறு நிறைய மலைக்காரன் வயிற்றில் அடிப்பதா என்று கேட்டார். தாங்கள் அன்று பொழுது சாயும்வரை தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல், ஆத்தூர்ப் பக்கத்து ஆலைகளில் கெஞ்சி, லாரிகளை அங்கே திருப்பினீர்கள். பாதிக் கிழங்கு கறுத்துப்போய் அடிமாட்டு விலைக்குப் போயிற்று. ராஜாங்கம் திட்டியதில் தப்பே இல்லை என்று ஜீப்பில் ஏறும்போது தாங்களே சொன்னீர்கள். அன்று தாங்கள் செய்தது நல்லதா கெட்டதா என்று எங்களுக்குள் இன்னும் சண்டை நடக்கிறது. மடலில் எழுத வேண்டியது இதல்ல என்று தெரிந்தே எழுதுகிறேன்.

மேலிடத்து விளக்கக் கோரிக்கை அதன் பிறகுதான் வந்தது. பலகையில் தாங்கள் எழுதியது எந்த மொழி என்று அதில் கேட்டிருந்தார்கள். முப்பது ஆண்டுப் பணியில் இப்படி ஒரு கேள்வி யாருக்கும் வந்ததில்லை. தங்கள் மேல் பிரியமுள்ள மேலதிகாரி ஒருவர் வழியும் சொல்லித் தந்தார். பழக்கத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதினேன், மக்கள் தவறாகப் படித்தார்கள், கூட்டத்துக்குப் பயந்து நாலு எழுத்தைச் சேர்த்தேன் என்று எழுதிக் கொடுத்தால் போதும், அன்றே கோப்பை மூடிவிடலாம் என்றார். பயந்து என்ற சொல்லை யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்றும் சொன்னார். நாங்களும் அதையே சொன்னோம். மன்னியுங்கள், கெஞ்சினோம்.

இன்று காலை தாங்கள் புதுச்சட்டையோடு வந்து, பதிலைக் கையால் எழுதிப் பாத்திமாவிடம் கொடுத்தீர்கள். அதை இங்கே படிக்கலாமா என்று கேட்டோம். ஒளிக்க ஒன்றுமில்லை, படியுங்கள் என்றீர்கள். ஆகவே படிக்கிறேன்: “எழுதியபோது அது ஆங்கிலம். அது பொய். மறுநாள் தங்கமணி அவர்கள் அதைத் தமிழில் படித்தார்கள். அவர்கள் படித்ததுதான் சரி என்று பட்டது. ஆகவே தமிழாக்கினேன்.”

பாத்திமா அதை இரண்டு முறை படித்துவிட்டு, அழுகை வந்துவிட, தங்கள் மேசைக்கே வந்து நின்றார்.

“சார், ரெண்டு தப்பையுமே ஒத்துக்கினு எழுதியிருக்கீங்க. ஏதாவது ஒண்ணச் சொல்லிட்டுப் போயிடலாமே சார்.”

தாங்கள் பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டே சொன்னீர்கள்:

“ரெண்டும் நாந்தானுங்களே பண்ணேன்.”

அவ்வளவுதான். பதில் மேலிடத்துக்குப் போய்விட்டது. மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட வந்த கடைக்காரர், எப்போது முடிப்பீர்கள் என்று மூன்றாம் முறையாகக் கேட்டுவிட்டார். ஆணை வந்தபாடில்லை. வருமா, வராதா, வந்தால் என்ன சொல்லும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தங்கள் முகத்தைப் பார்த்தால் தங்களுக்கும் தெரியாது போலிருக்கிறது. ஆனாலும் காலையிலிருந்து தாங்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஐயா, எங்களுக்குப் பயமாக இருக்கிறது. பெருமையாகவும் இருக்கிறது.

தாங்களும் தங்கள் துணைவியாரும் மக்களும் நோய் நொடியின்றி, நல்ல காற்றும் நல்ல நீரும் பருகி, நூறாண்டு நிறைவாக வாழ வேண்டும். தங்கள் நிழலில் இந்த அலுவலகம் கற்றது மறக்காமல் இருக்க வேண்டும் என்று மனமார வாழ்த்தி, மடலை இந்த இடத்தில் முடித்திருந்தேன்.

முடித்த பிறகு ஒருவர் வந்திருக்கிறார். கடைசி வரிசையில் தங்கமணி அம்மாள் உட்கார்ந்திருக்கிறார். வாழ்த்த வந்திருக்கிறார் என்று நினைத்து மாலை கொடுக்கப் போனோம், வேண்டாம் என்றார். மடியில் ஒரு புட்டியில் கிணற்று நீர் வைத்திருக்கிறார். ஒரு வாரமாகச் சோறு மறுபடி லேசாகப் புளிக்கிறதாம், நிஜமா மனப்பிரமையா என்று தெரியவில்லையாம். சார் போவதற்குள் பார்த்துச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார்.

ஆணை வராதவரை தாங்கள் இந்த அலுவலகத்தின் உதவிப் பொறியாளர்தான். ஆகவே, ஐயா, கைதட்டல் முடிந்ததும், மாலையைக் கழற்றாமலே, அந்தப் புட்டியை வாங்கிக்கொள்ளும்படி பணிந்து கேட்டுக்கொள்கிறோம்.

தங்களோடு நடுவில் நிற்கும்
அலுவலகத் தோழர்கள்,
கள்ளக்குறிச்சி