ஒரு ‘ஏன்’ கேள்விக்குப் பல விடை தேடிய டாக்டர் ஜஹீதா அவர்களுக்கு

மயிலாப்பூர் மனநல இல்லத்தின் மாண்பே! மருந்துச் சீட்டை எடுக்குமுன் மனிதரின் முகம் பார்த்த மருத்துவமே! திருவல்லிக்கேணி தந்த திருவே! முப்பத்தோராண்டுப் பணி முடித்து இன்று விடைபெறும் எங்கள் தலைமை மருத்துவர் ஜஹீதா அவர்களே! வணக்கம்.

பாராட்டு மடலில் பண்புகளை அடுக்குவது வழக்கம். உங்கள் பொறுமையையும் புலமையையும் இந்த அரங்கமே அறியும். ஆகவே, இம்மடலை எழுதப் பணிக்கப்பட்ட உளவியலாளன் நெடுஞ்செழியனாகிய நான் ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி அமைகிறேன். அதில் உங்கள் தவறு ஒன்றும் உண்டு. கோபிக்க மாட்டீர்கள்; அதைப் புதிதாகச் சேரும் ஒவ்வொரு மருத்துவருக்கும் சொல்லி வந்தவர் நீங்களேதான்.

பத்து ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் வந்தவர் வைரவன். “பேரைச் சொல்லலாமா?” என்று போன வாரம் கேட்டதற்கு, “தாராளமா சொல்லு சார், நாலு பேருக்கு ஒதவட்டும்” என்று இசைவு தந்தார். தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றின் பட்டுப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள், வாடிக்கையாளரோடு வாய் ஓயாமல் பேசிப் புடவை விரித்தவர் அவர். கடையார் அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். மூன்றே மாதத்தில் உறக்கம் போயிற்று, பேச்சு போயிற்று, காலையில் பாயை விட்டு எழுவதே பாடாயிற்று.

புதன்கிழமைக் கலந்தாய்வில் நானும் டாக்டர் ரெஹானும் மோதிக்கொண்டோம்.

“மூளையில ரசாயனம் கொறைஞ்சிருக்கு சார், மாத்திரை போதும்” என்றார் அவர்.

“ஒரு மனுஷனோட வாழ்க்கையைக் கொண்டுபோய்க் கிடங்குல போட்டிருக்காங்க, அதுக்கு மாத்திரையா?” என்றேன் நான்.

நீங்கள் மாத்திரை எழுதினீர்கள், சரியாகவே எழுதினீர்கள். வைரவனின் மனைவி விசாலம் அறை வாசலில் தயங்கி நின்று, “இவருக்கு ஏம்மா இப்படி ஆச்சு?” என்று கேட்டார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். “மூளையில ஒரு ரசாயனம் கொறைஞ்சிருக்கும்மா, சரியாயிடும்” என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள்.

ஐந்து வாரம் கழித்து விசாலம் தொலைபேசியில் கதறினார். வைரவன் மாத்திரையை நிறுத்திவிட்டார். சாகப் போவதாகச் சொல்லத் தொடங்கியிருந்தார். அன்று பிற்பகலே நீங்களும் நானும் ஆட்டோ பிடித்து மேற்கு மாம்பலம் விரைந்தோம். வைரவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். “கெட்டுப்போன மூளைக்கு எதுக்கும்மா மாத்திரை?” என்றார்.

விசாலம் உங்களைப் பார்த்துக் கேட்டார்: “நான் இவராண்ட பேசறதையே உட்டுட்டேன் டாக்டரம்மா. மூளையில கோளாறுன்னு நீங்கதான சொன்னீங்க? அப்பால நான் பேசி இன்னா ஆவப்போவுது?”

அம்மையீர்! அப்போது உங்கள் முகம் வெளிறியதை நான் கண்டேன். சிமெண்ட் தரையில் விசாலத்தின் அருகில் அமர்ந்தீர்கள்.

“நான் சொன்னது பொய் இல்லம்மா. ஆனா நீங்க கேட்டது அது இல்ல. ‘என்மேல தப்பா’ன்னுதான் கேட்டீங்க. அது என் காதுல விழல. மன்னிச்சிடுங்க. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல.”

விசாலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நீங்கள் வைரவன் பக்கம் திரும்பினீர்கள். “உங்க மூளை கெட்டுப்போகல. தூக்கம் வர மாத்திரை வேணும். தூங்கினாத்தான் பேசத் தெம்பு வரும். ஆனா என்ன நடந்துச்சுன்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும்.”

அவர் மெல்ல எங்கள் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: “கெடங்குல பேசறதுக்கு ஆளே இல்லம்மா. பொடவை மட்டுந்தான் கீது.”

அன்றே அவரை நம் இல்லத்தில் சேர்த்தீர்கள். விசாலமும் உடன் தங்கினார். ரெஹான் மருந்தின் அளவைக் கவனித்தார். நான் நாள்தோறும் அவரோடு பேசினேன். நீங்கள் கடை முதலாளியைத் தேடிச் சென்றீர்கள். முதல் இரண்டு முறை அவர் முகங்கொடுக்கவில்லை. மூன்றாம் முறை இறங்கி வந்தார். நான்காம் மாதம் வைரவன் பட்டுப் பிரிவுக்குத் திரும்பினார். களைத்தால் உட்கார ஒரு ஸ்டூலும் கிடைத்தது.

அடுத்த கலந்தாய்வில் எங்கள் இருவரிடமும் சொன்னீர்கள்: “நீங்க ரெண்டு பேரும் சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் ஒரே பதிலை எல்லாக் கேள்விக்கும் கொடுத்துட்டேன். எந்த மருந்துன்னு கேட்டா மூளையைப் பத்திப் பேசுங்க. ஏன் வாழவே பிடிக்கலன்னு கேட்டா கிடங்கைப் பத்திப் பேசுங்க. ஒண்ணு உண்மைங்கறதால இன்னொண்ணு பொய்யாயிடாது.” அதன்பின் நானும் ரெஹானும் சண்டையை விட்டுவிடவில்லை. ஆனால் சண்டைக்கு முன், சேர்ந்து போய் நோயாளியின் அருகில் உட்காரப் பழகினோம்.

எத்தனை புதன்கிழமைகள், அம்மையீர்! நோன்பு நாள்களில் சொட்டு நீரும் பருகாத நீங்கள், எங்களுக்கு மட்டும் காபி வரவழைத்து, “ஆறிடப் போகுது, குடிங்க” என்று அதட்டியதை மறப்போமா! வெள்ளம் சூழ்ந்த டிசம்பரில் முழங்கால் நீரில் மாத்திரைப் பையைத் தலையில் சுமந்து வந்த கோலத்தை மறப்போமா! சமையலறையிலிருந்து தாளித்த வாசம் வீசும் அந்தச் சின்னக் கலந்தாய்வு அறையில் நாங்கள் இளைஞர்களாய் இருந்தோம். நீங்கள் எங்கள் நடுவில் இருந்தீர்கள். அந்நாள்கள் இனி எங்கே!

கடிகாரம் பாராமல் பெசன்ட் நகர்க் கடற்கரையில் நடக்கவும், படிக்க நேரமின்றி அடுக்கிவைத்த நூல்களை ஒவ்வொன்றாய்ப் புரட்டவும், உற்றார் சூழ உடல்நலம் குன்றாமல் நூறாண்டு நிறைந்திருக்கவும் நெஞ்சார வாழ்த்துகிறோம்.

புறநோயாளர் பகுதிப் பலகையில் உங்கள் பெயரை அழித்துவிட்டு, அடுத்த தலைமை மருத்துவராகும் ரெஹான் பெயரை எழுத நேற்றே பெயிண்டர் வந்தார். “அடுத்த வாரம் வாப்பா” என்று ரெஹான்தான் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பிரியா விடை தரும்,
மனநல இல்ல மருத்துவர்கள், செவிலியர், பணியாளர்கள்
மயிலாப்பூர், சென்னை