நான்காவது கோட்டு

உங்கள் ஸ்டேஷன் காபி நன்றாக இருக்கிறது, சார். எங்கள் ஸ்டூடியோ காபியை நாய்கூட முகர்ந்து பார்க்காது.

இந்த பர்பாங் ஊரில் டி.வி. போட்டி நிகழ்ச்சி நடத்துகிறவர்களை என்னைவிடப் பக்கத்தில் நின்று பார்த்தவன் கிடையாது. பெயரை இழுத்துச் சொல்லி அவர்களை மேடைக்கு அழைக்கிற குரல் என்னுடையது. அதற்கு முன்னால் கூட்டத்தைச் சூடேற்றுவதும் நான்தான். என் வலது கை மேலே போனால் தட்ட வேண்டும். இறங்கினால் நிறுத்த வேண்டும். கொஞ்சம் பழக்கினால் போதும், இழவு வீட்டிலிருந்து நேராக வந்தவன்கூடத் தட்டுவான்.

ரஸ் டெனிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பேரழகன். ஆனால் விடை தனக்கு முன்பே தெரியும் என்பது முகத்தில் ஒட்டியிருக்கும். தோற்றவரிடம், "இதுகூடவா தெரியலை?" என்பார். ஒரே சீசனில் மூட்டை கட்டிவிட்டார்கள். அடுத்து வந்த ஹோமர் பிக்ஸ் நேர்மாறு. தோற்றவர்களோடு சேர்ந்து அழுவார். சலவை இயந்திரத்தைக் கோட்டைவிட்ட ஓர் அம்மாள், கடைசியில் அவருக்குக் கைக்குட்டை கொடுத்துத் தேற்றினாள். அவரும் போனார்.

மூன்றாவதாக வந்த வெர்ன் கால்டர்தான் ஜெயித்தார். பொறாமையில்லாமல் சொல்கிறேன். ஜெயித்தவரைவிட அதிகமாகக் குதிப்பார். தோற்றவரின் தோளில் கை போட்டு, சிரிக்கவைத்தே அனுப்புவார். அவரிடம் முத்தம் வாங்காத மாமியார் கலிபோர்னியாவில் இல்லை.

ஒருமுறை அவருக்கு ஜலதோஷம். ஒரே ஒரு நிகழ்ச்சியை நான் நடத்தட்டுமா என்று கேட்டேன். கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்:

"மெர்ல், உன் குரலுக்கு வேலை இருக்குப்பா. மூஞ்சிக்குத்தான் எங்கேயும் காலியில்லை."

மேக்கப் போடுகிற பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல ஜோக்தான்.

ஒரு வாரத்துக்கான ஐந்து நிகழ்ச்சிகளையும் சனிக்கிழமையன்றே எடுத்துவிடுவோம். வீட்டில் பார்ப்பவர்களுக்கு வேறு வேறு நாளாகத் தெரிய வேண்டுமே, வெர்ன் ஒவ்வொன்றுக்கும் கோட்டு மாற்றுவார். அவசரத்தில் நெஞ்சுவலி மாத்திரை டப்பாவைப் பழைய கோட்டிலேயே விட்டுவிடுவார். அதை எடுத்துப் புதுக் கோட்டில் போடுவது நான். யாரும் சொன்ன வேலையில்லை, அன்புதான்.

அன்று நீலக் கோட்டிலிருந்து எடுத்தேன். பழுப்புக் கோட்டில் போடவில்லை. அவ்வளவுதான்.

நான்காவது நிகழ்ச்சி. எங்கள் போட்டிக்கு வருகிறவர்கள் ஏதாவது வேஷம் கட்டிக்கொண்டுதான் வருவார்கள். அன்னாசிப்பழ வேஷத்தில் வந்த டோரீன் என்கிற பள்ளி பஸ் டிரைவர் புதுக் காரை ஜெயித்தாள். வெர்ன் அவளைத் தூக்கிச் சுற்றினார். கனமான அன்னாசி. இறக்கிவிட்டதும் நெஞ்சைப் பிடித்தார். இன்னொரு கை கோட்டுப் பைகளைத் துழாவியது. அப்படியே மண்டியிட்டார்.

அரங்கம் அடங்கிப்போயிற்று. எல்லோரும் வழக்கம்போல என்னைப் பார்த்தார்கள்.

கையை உயர்த்தினேன்.

"காரைப் பார்த்து நம்ம வெர்னே மயங்கிட்டாருங்க" என்றேன் மைக்கில். கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. விசில் பறந்தது. கேமராக்காரர் சிரிப்பில் குலுங்கினார். அன்னாசிப்பழம் மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, "இவருக்கு நெசமாவே முடியலை, யாராவது வாங்களேன்" என்றாள். அந்த ஆரவாரத்தில் யாருக்குக் கேட்கும்? நானும் தட்டினேன். என் சட்டைப் பையில் டப்பா கூடவே தாளம் போட்டது. வெர்ன் என்னைத்தான் பார்த்தார். பிறகு, புடைத்திருந்த பையைப் பார்த்தார்.

இசை முடியும்வரை கையை இறக்கவில்லை. அப்புறம்தான் ஆம்புலன்ஸ் வந்தது. வழியிலேயே போய்விட்டார் என்ற செய்தி எங்களுக்குத் தாமதமாகத்தான் எட்டியது.

இன்னொரு நிகழ்ச்சி மிச்சம். வெர்ன் ஓய்வெடுக்கிறார் என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டார்கள். தயாரிப்பாளர் வெளிறிப்போய், "மெர்ல், நீயே முடிச்சுடு" என்றார். வெர்னின் சாம்பல் நிறக் கோட்டு எனக்குத் தோளில் கொஞ்சம் தொளதொள. மேடைக்கு நடந்தேன்.

எழுந்து நின்று தட்டினார்கள், சார். ரஸுக்கோ ஹோமருக்கோ, ஏன், வெர்னுக்கோகூட அப்படியொரு வரவேற்பு கிடைத்ததில்லை. அவர்களுக்கெல்லாம் நான் கை காட்ட வேண்டியிருந்தது. எனக்குத் தானாகவே வந்தது. பதிவைப் போட்டுப் பாருங்கள். அதில் என் வலது கை கடைசிவரை உயர்ந்தே இருக்கும். அது அவர்களுக்கு நன்றி சொல்வதற்காக.