இரண்டு சென்சார்களும் ஓர் அத்தானும்

சின்ன வயதிலிருந்தே எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், ஐயா. உங்கள் கையில் இருக்கும் என் நோட்டில் ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது. எண் எனக்குப் பாதகமாக வந்தாலும் மறைக்கிற ஆள் இல்லை நான். புரட்டிக்கொண்டே கேளுங்கள்.

எனக்கும் என் அக்கா கணவருக்கும் ஒரே பட்டறை, எஞ்சின் ட்யூனிங். புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளந்து, பெட்ரோல் கூடுதலா குறைவா என்று சொல்லும் வைட்பேண்ட் சென்சாரை நம்பித்தான் பிழைப்பு. என்னுடையது விலை உயர்ந்தது. அத்தான் பாதி விலையில் ஒன்றை வாங்கிவந்து பக்கத்திலேயே பொருத்தினார். இரண்டும் ஆளுக்கொரு எண் காட்டின. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, "மச்சான், உன் சென்சார் நல்லா புளுகுது" என்றார். அக்கா புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவானது. அத்தான் காருக்குள் உட்கார்ந்து எஞ்சினை மூவாயிரம் சுற்றில் பிடித்துக்கொண்டார். நான் மீட்டர்களோடு கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், ஆபீஸ் அறையில். பேச்செல்லாம் போனில். புகையை வெளியேற்றும் குழாயின் மூட்டில் காற்று புகுந்து அளவைக் கெடுக்கிறது என்று அதைக் கழற்றியிருந்தேன். வாசல் காற்றும் தொந்தரவு என்று ஷட்டரை இறக்கினேன்.

"அஞ்சு நிமிஷந்தானே மச்சான்?"

"அஞ்சே அஞ்சு, அத்தான்."

மூன்றாவது சென்சார் ஒன்றைப் பட்டறைக்குள் சும்மா தொங்கவிட்டிருந்தேன். நல்ல காற்றென்றால் அது இருபத்தொரு சதவீதம் காட்ட வேண்டும். எட்டாம் பக்கம் பாருங்கள். இருபத்தொன்று, இருபது, பத்தொன்பது. எல்லாம் மணிமணியான எழுத்து.

கொஞ்ச நேரத்தில் அத்தான் போனில் சிரிக்க ஆரம்பித்தார். என் ஜோக்குக்கு ஒரு நாளும் சிரிக்காத மனிதர், அன்றைக்கு நான் வாயைத் திறந்தாலே கெக்கெக்கென்று சிரிக்கிறார். "தலை சுத்துதுடா... ஆனா நீ செம ஆளுடா மச்சான்" என்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கைவசம் இருந்த ஜோக்கையெல்லாம் எடுத்துவிட்டேன். நாங்கள் இருவரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை, ஐயா. பதினெட்டு என்று எழுதும்போதுகூட எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லும்படி வக்கீல் சொன்னார். எப்படித் தெரியாமல் இருக்கும்? நானேதானே எழுதிக்கொண்டிருந்தேன்.

பிறகு போனில் சத்தம் நின்றது. எஞ்சின் வேகமும் இறங்கியது. இன்னும் பதினைந்து நிமிடம் பொறுத்து ஷட்டரைத் தூக்கினேன். புகை கலைந்ததும் இரண்டு சென்சார்களையும் கழற்றி, ஆக்சிஜன் அளவு தெரிந்த சோதனை வாயு சிலிண்டரில் வைத்துப் பார்த்து எழுதிக்கொண்டேன். அதை முடித்துவிட்டுத்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? கொன்றது நான்தான். அக்காவிடமும் அப்படியே சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கடைசிப் பக்கத்தை மட்டும் அவளுக்குக் காட்ட வேண்டாம். அத்தான் வாங்கிவந்த சென்சார்தான் சரியாகக் காட்டியிருக்கிறது.