தொட்டித் தண்ணீர்

இந்த வருஷம் ஈ கொஞ்சம் குறைவுதான், சார்ஜென்ட். போன வருஷம் வந்திருந்தால் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டுதான் டீ குடித்திருப்பீர்கள்.

ஜூலியன் ஃபென்விக்கும் அவன் மனைவி இம்மோஜெனும் மெல்போர்னிலிருந்து வந்தார்கள். என் கணவர் போனபிறகு, மாட்டுப் பண்ணையைப் பார்க்க வருகிறவர்களை இங்கே தங்கவைக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் தொந்தரவில்லாதவர்கள்.

இவன் வேறு மாதிரி. உடம்பெல்லாம் வெயிலுக்குப் பூசிய களிம்பின் தேங்காய் நெடி. எதைத் தொட்டாலும் ஒரு ஈரத்தாளை உருவிக் கையைத் துடைப்பான். துடைத்த தாளை நின்ற இடத்திலேயே போடுவான். ராத்திரி நான் சுட்டுவைத்த இறைச்சியை மென்று, சக்கையைத் தட்டின் ஓரத்தில் துப்பினான்.

"என்ன மெர்ல், உங்க மாடு செருப்பு மாதிரி இருக்கே."

இம்மோஜென் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சக்கையை விரலால் வழித்துப் போட்டது நான்.

மறுநாள் காலை, கிணறுகளைப் பார்க்க நான் கிளம்பியபோது அவனும் வண்டியில் ஏறிக்கொண்டான். இம்மோஜெனுக்குத் தலைவலி, வீட்டில் இருந்துவிட்டாள். வடக்குக் கிணற்றருகே சேற்றில் ஒரு பசு மாட்டிக் கிடந்தது. காக்கைகள் ஒரு கண்ணைத் தின்றிருந்தன. மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சுட்டேன். வேறு வழியில்லை. அவன் திரும்பி வாந்தியெடுத்தான். தொட்டிக்குள்.

"சுத்தி இவ்வளவு பாலைவனம் கிடக்கே, உனக்கு இதுதான் கெடச்சுதா? மாடு குடிக்கிற தண்ணிப்பா."

"மாடுதானே. அதுக்கு என்ன தெரியப்போவுது?"

மாட்டுக்குத் தெரியும். கெட்ட தண்ணீரை முகர்ந்துவிட்டு, தாகத்தோடு அப்படியே நிற்கும். நான் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். முந்தைய ராத்திரி நான் சமைத்த இறைச்சி அடியில் ஒட்டியிருந்தது. கையால்தான் எடுக்கவேண்டி வந்தது.

அதற்குள் அவன் படமெடுக்க, தண்ணீர் இறைக்கிற காற்றாடிக் கோபுரத்தில் ஏறிவிட்டான்.

"கம்பி துருப்பிடிச்சிருக்கு. எறங்கு."

"சும்மா பயமுறுத்தாதீங்க மெர்ல்."

கம்பி முறிந்து கீழே விழுந்தான். கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. கால்சட்டையிலேயே வெளிக்குப் போய்விட்டான். சளி, எச்சில், களிம்பு எல்லாம் முகத்தில் ஒன்றாகக் குழம்பியிருந்தன.

"வண்டி ரேடியோல யாரையாவது கூப்பிடுங்க மெர்ல்."

ரேடியோ வேலை செய்தது. உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். அவனை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பசுவைப் பார்த்தபோது பாவமாக இருந்தது. இவனைப் பார்த்தால் குமட்டல்தான் வந்தது, வேறெதுவும் வரவில்லை. திரும்பிப் போய் தேய்க்கிற வேலையை முடித்தேன். புதுத் தண்ணீர் விட்டேன். பளிங்கு மாதிரி நிறைந்தது.

அப்போது அவன் தாகமென்று சொல்லி ஊர்ந்து வந்தான். அந்தக் கால்சட்டையோடு, சார்ஜென்ட், அந்தத் தொட்டிக்கு. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வேலிக்கு அந்தப் பக்கம் விட்டேன். கேட்டுக்குச் சங்கிலி மாட்டினேன்.

"ஒரு வாய் தண்ணி மெர்ல். ஒரே வாய்."

"ஆளக் கூட்டிட்டு வரேன். கத்தாதே, மாடு மிரளும்."

வீட்டுக்கு வந்து குளித்தேன். அவன் தெற்கே குன்றைப் படமெடுக்க இறங்கிக்கொண்டான், நடந்தே வந்துவிடுவதாகச் சொன்னான் என்று இம்மோஜெனிடம் சொன்னேன். எல்லோரும் தெற்கே தேடினார்கள். அவள் என் தோளில் சாய்ந்து அழுததில் மூக்குச்சளி என் சட்டையெல்லாம் ஆகிவிட்டது. உடனே கழற்றிச் சுடுதண்ணீரில் ஊறவைத்தேன். தேட வந்த அத்தனை பேருக்கும் வேளாவேளைக்குச் சமைத்துப் போட்டேன். ஒருவரும் பசியோடு போகவில்லை. கடைசியில், காக்கைகள் வட்டமிடுவதைப் பார்த்து வடக்கே போனவன் என் வேலையாள் வாலிதான். சங்கிலியைப் பற்றி அவன் உங்களிடம் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. நேர்மையானவன்.

முகத்தைச் சுளிக்கிறீர்கள். ஈவிரக்கமில்லாதவள் என்று மட்டும் போலீஸ் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது ஒரே ஒரு மரம். தேடிப்போய் அதன் நிழலில்தான் அவனைக் கிடத்தினேன்.

நிழல் நகர்ந்துவிடுமே என்கிறீர்கள். அதை நகர்த்தியது நான் இல்லையே.