சிவப்புச் சீட்டு, வெள்ளைச் சீட்டு

ஆகாயத்தாமரை வளர்ப்பது பெரிய வித்தை இல்லை. தொட்டியில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆராய்ச்சி நிலையத்தின் கண்ணாடிக் கூடத்தில் நாலு வருஷம் அந்த வேலையைத்தான் செய்தேன். எல்லாம் என் தங்கையின் செடிகள்.

வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அம்மா இறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபது. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு அவளை வளர்த்தேன். நானும் தாவரவியல்தான் படித்துக்கொண்டிருந்தேன். குறையாகச் சொல்லவில்லை, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். வெளியாட்கள் பார்க்க வந்தால், "இது எங்க அக்கா, செடிக்குத் தண்ணி ஊத்துறாங்க" என்பாள். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

ஏரியை மூடிக் கிடக்கும் அந்தக் களையை ஒழிப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மருந்து அடித்தால் மீனும் சேர்ந்து சாகும். அதனால் செடியின் மரபணுவிலேயே கை வைத்தாள். அவள் மாற்றிய செடி பக்கக் கன்று விடாது. அதன் மகரந்தம் பட்ட செடியின் விதையும் முளைக்காது. மாற்றிய செடிகளின் தொட்டிக்குச் சிவப்புச் சீட்டு. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த சாதாரணச் செடிகளுக்கு வெள்ளை. இளஞ்செடியாக இருக்கையில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

சோதனைக் குளத்தில் செடிகளை விட இரண்டு நாள் இருக்கும்போது அவளுக்கு வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தது. குளத்தில் பலன் தெரிந்தால் அங்கே ஐந்து வருஷ வேலை.

"வீட்டை நீ பாத்துக்குவேல்லக்கா?" என்றாள்.

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது சீட்டுகளை மாற்றி ஒட்டினேன். பத்து நிமிஷ வேலை.

மூன்றே மாதத்தில் குளம் கரை தெரியாமல் மூடிக்கொண்டது. ஆய்வு முடிவுகளை அவள் இட்டுக்கட்டியிருக்கிறாள் என்று விசாரணைக் குழு எழுதியது. வெளிநாட்டு வேலை கைநழுவியது, இருந்த வேலையும் போனது. இயக்குநர் அவளிடம், "முதல்ல ஒரு நல்ல டாக்டரைப் பாரும்மா" என்றாராம்.

எட்டு மாதம் வீட்டில் இருந்தாள். தலை வாரிவிட்டேன், சோறு ஊட்டிவிட்டேன். தூக்கத்துக்கென்று மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தேன். அதற்கு முன் நாங்கள் அவ்வளவு நிம்மதியாக இருந்ததே இல்லை. நாங்கள் என்றுதான் சொல்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்கு ஒரு போன் வந்தது. எனக்குத் தெரியாமல் குளத்துச் செடியின் இலையைப் பழைய தோழியின் ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறாள்.

"அக்கா, குளத்துல இருக்கறது என் செடியே இல்ல. யாரோ சீட்டை மாத்தியிருக்காங்க. என் மேல தப்பே இல்லக்கா."

எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். மறுநாளே நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் கிளறப் போவதாகச் சொன்னாள்.

நான் காப்பி போட்டேன். மிச்சமிருந்த மாத்திரைகள் அத்தனையையும் அதில் கரைத்தேன்.

"கசக்குதுக்கா."

"தூள் கூடிப்போச்சு. குடிச்சிடு."

குடித்தாள். சின்ன வயதிலிருந்தே நான் கொடுத்தால் மறுக்கமாட்டாள். மேஜையிலேயே தலை சாய்த்தாள். தலையணை வைத்துவிட்டுச் சாயங்காலம்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மனசு உடைந்து போகவில்லை அவள், சந்தோஷமாகத்தான் போனாள். பாசத்தில் செய்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். அவளைப் பிரிந்து இருக்க என்னால் முடியாது.

மேஜையில் கிடந்த நோட்டை நீங்கள் எடுத்திருப்பீர்கள். கண்ணாடிக் கூடத்துக்கு வந்துபோனவர்கள் என்று ஏழு பேரை அதில் எழுதியிருந்தாள். காவலாளியைக்கூட விடவில்லை.

"என் பேரை எழுதலையா?" என்று கேட்டேன்.

"போக்கா, உனக்கு அதெல்லாம் எங்க தெரியும்?" என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் எழுந்துபோய் காப்பிக்கு அடுப்பைப் பற்றவைத்தேன்.