குடிலின் ஜன்னலில் அஞ்சாவது ஆள்

மத்தியானம் மூண்டு மணி. மூண்டு மணியெண்டாலும் டிசம்பரில இந்த வடநோர்வேயில அது நடுச்சாமம்தான், உங்களுக்குத் தெரியும். பாட்ஸ்ஃபியோர்ட் மலைப்பாதை. ஒரு வீடில்லை, ஒரு மரமில்லை... காத்து மட்டும்.

என்னோட மீன் வெட்டுற குன்வோர் இருக்கிறாளெல்லோ, அவளின்ர தமையன் ஊட்முன்டுக்கு நடந்தது இது. பேயெண்டால் விழுந்து விழுந்து சிரிக்கிறவன். இப்ப சிரிக்கிறேல்ல. நீயும் சிரியாதை தயாபரன், கேள்.

அண்டைக்கு அவன்ர காரில ஒரு மரப்பெட்டி. உள்ளுக்கை நூறு வருசத்துக்கு முந்தின கண்ணாடிப் படங்கள். அவன்ர அப்பப்பாவும் வேற நாலு பேரும் வடதுருவப் பக்கத்துத் தீவொண்டுக்குக் காலநிலை ஆராயப் போய், ஒரு குளிர்காலம் முழுக்க மரக்குடிலுக்கை கிடந்தவை. அஞ்சு பேர் போனவை, நாலு பேர்தான் வந்தவை. சமையல்காரன் இங்வால்ட் பனிவெடிப்புக்கை விழுந்து செத்திட்டான் எண்டு சொன்னவை. அடுத்த நாள் ஊர் மண்டபத்தில அந்தப் படங்களைத் திரையில விழுத்தி, அப்பப்பாவின்ர வீரத்தைப் பற்றி ஊட்முன்ட் பேசுறதாய் ஏற்பாடு. அதால அண்டைக்கே மலையைத் தாண்ட வேணும்.

மலையடியில தடைக்கம்பம் பூட்டிக் கிடந்தது. காத்தடிச்சால் ஆரும் தனியப் போகேலாது. பனி வழிக்கிற வண்டிக்குப் பின்னால எல்லாக் காரும் வரிசையாய்ப் போக வேணும். வழிக்கிற வண்டிக்காரன் ஆஸ்லாக் வந்து கண்ணாடியில தட்டினான்.

"நீதான் கடைசி. முன்னுக்குப் போறவன்ர சிவப்பு லைட்டை விட்டிடாதை. விட்டாலும் அப்பிடியே நில்லு, இறங்கிப்போடாதை. என்ன உது பெட்டி?"

"என்ர அப்பப்பா."

"அப்ப அவருக்கும் பெல்ட்டைப் போட்டு விடு."

கம்பம் திறக்க நேரம் கிடந்தது. ஊட்முன்ட் சும்மா இருக்கேலாமல் படம் பார்க்கிற கருவியை எடுத்தான். ஒரே கண்ணாடித் துண்டில பக்கத்துப் பக்கத்தில ரெண்டு படம். ரெண்டு கண்ணாலயும் பார்த்தால் ஒண்டாய்ச் சேர்ந்து, கையால தொடலாம் போல எழும்பி நிக்கும். காரின்ர லைட்டுக்கு நேரை பிடிச்சான். ஓரத்தில அப்பப்பாவின்ர கையெழுத்து... 'புறப்படுற நாள்'. குடில். பலகை வைச்சு ஆணி அடிச்சுப் பூட்டின கதவு. முன்னால நாலு பேர்.

ஜன்னலில ஒரு முகம்.

இடக்கண்ணைப் பொத்தினான். முகம் இல்லை. வலக்கண்ணைப் பொத்தினான். இல்லை. ரெண்டையும் திறந்தான்... மற்றப் படங்களில ரொட்டி சுட்டுக்கொண்டு நிண்ட அதே தாடிக்காரன். இங்வால்ட். உள்ளங்கை ரெண்டையும் ஜன்னலில வைச்சுக்கொண்டு இவனையே பார்க்கிறான். அவன் செத்து ரெண்டு மாசத்துக்குப் பிறகெல்லோ இவை தீவை விட்டுப் புறப்பட்டவை?

ஊட்முன்டுக்கு வெக்கமும் பயமுமாய் வந்தது. உயிரோட இருந்தவனை உள்ளுக்கை விட்டிட்டே வந்தவை? கருவியைப் பின் சீற்றில எறிஞ்சான். கம்பம் திறந்தது.

அரை மணித்தியாலம் ஓடியிருப்பான். முன்னுக்கு இருந்த சிவப்பு லைட் மங்கி... மங்கி... இல்லாமல் போச்சு. எங்கையும் வெள்ளை. நிப்பாட்டினான். போன் வேலை செய்யேல்ல. பனி கண்ணாடியை மூடி, கூரையையும் மூடிச்சுது. புகைக்குழாய் அடைபட்டால் நஞ்சுக்காத்து உள்ளுக்கை வரும், ஆளைக் கொண்டுபோடும். எஞ்சினை நிப்பாட்டினான். பற்றரி இறங்கிடுமெண்டு லைட்டையும் நூத்தான். கதவைத் தள்ளிப் பார்த்தான். அசையேல்ல.

காத்துச் சத்தமும் நிண்டிட்டுது. அவன்ர மூச்சு மட்டும்தான் கேக்குது.

பிறகு ஒரு மணம். அந்தக் காலத்துக் குடிலுகளில எரிச்ச கடல்நாய்க் கொழுப்பின்ர மணம், கரிப்புகை...

டொக்.

பின்பக்கத்து இடக் கதவில. டொக். டொக். டொக். சுத்தியல் சத்தம். ஆஸ்லாக் வந்திட்டான், கிண்டுறான் எண்டு இவனுக்குச் சந்தோசம்.

"ஆஸ்லாக், இஞ்சதான் இருக்கிறன். கெதியாய்த் திற."

சத்தம் நிண்டது. சின்னதாய்க் கிளிக்கெண்டு ஒரு சத்தம். தச்சுவேலை செய்யிறவை ஆணியை வாயில வைச்சிருப்பினமெல்லோ, பல்லில பட்டு இரும்பு வெளியில வருமே... அந்தச் சத்தம். பிறகு டொக். டொக். திறக்கிறாங்கள் இல்லை, அடைக்கிறாங்கள்.

மற்றப் பின்கதவு. பிறகு பக்கத்துச் சீற்றின்ர கதவு. அவசரமில்லை. ஒவ்வொரு ஆணியாய். கடைசியாய் இவன்ர கதவு. அந்தக் கிளிக் காதுக்குக் கிட்ட.

"நான் உன்னை விட்டிட்டுப் போகேல்ல," எண்டு ஊட்முன்ட் அழுதான். "அது அப்பப்பா. நான் பிறக்கவேயில்லை அப்ப."

கிளிக். டொக். டொக்.

மலைக்கு அங்கால கார்களை எண்ணேக்க ஒண்டு குறைஞ்சுது. ஆஸ்லாக் திரும்பி வந்து கிண்டி எடுக்க ரெண்டு மணித்தியாலம். நாலு கதவில ஒண்டும் திறபடேல்ல. முன் கண்ணாடியை உடைச்சு இழுத்தெடுத்தவங்கள். "உன்ர அப்பப்பாவையும் எடுக்கட்டோ?" எண்டு கேட்டான் ஆஸ்லாக். "உதிலயே கிடக்கட்டும்," எண்டு மட்டும் சொன்னான் இவன்.

அடுத்த கிழமை காரைத் திருத்துறவன் போன் எடுத்தான்.

"கதவுகளுக்கு ஆணி அடிச்சிருக்கு ஊட்முன்ட். நாலு பட்டை ஆணி, அந்தக் காலத்தில கொல்லன் கையால செய்தது. ஆர் செய்தது?"

"வெளியில நிண்டு அடிச்சவங்கள். நான் கேட்டனான்."



"வெளியால ஒரு கீறலும் இல்லை. ஆணித் தலையெல்லாம் உள்பக்கம். உன்ர கதவில, கீழை, முழங்காலடியில அடிச்சிருக்கு... அடிச்சவன் உன்ர மடிக்கு மேலால குனிஞ்சிருக்க வேணும்."