களைத்துப்போகும் வண்டி

— பிரேக்கு, அக்கா, பிரேக்கு! உடும்பு குறுக்க ஓடுது!

— அது ஓடிக்கும். நீ முதல்ல ஸ்டியரிங்கிலேர்ந்து கையை எடு, செலோ. ஓட்டிப் பார்க்க வந்தது நான்தானே?

— ஓட்டிப் பார்க்கத்தான் வந்தீங்க, என்னைக் கொன்னு பார்க்க வரலியே! முதல் தடவையா கோல்ஃப் வண்டியில உட்கார்ற பொம்பளை இப்படியா மிதிப்பாங்க? பாருங்க, டூரிஸ்ட்டு ரெண்டு பேர் சைக்கிளோட வேலியில சாஞ்சுட்டாங்க.

— எந்திரிச்சுப்பாங்க. இது இவ்வளவுதான் போகுமா?

— கரண்டு வண்டிக்கா. பறக்கணும்னா என் பட்டறைக்கு எதிர்லயே விமானம் நிக்குது, போய் ஏறிக்கோங்க.

— சரி, அது கிடக்கட்டும். பாட்டரி எப்படி?

— கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க. ஆறும் ஒரே நாள்ல போட்டது. நம்ம தீவுல பழைய வண்டி விக்கிறவங்க என்ன பண்றாங்க? ரெண்டு புதுசு, நாலு பழசுன்னு கலந்து போட்டு, ராத்திரி முழுக்க சார்ஜ் ஏத்தி நிறுத்திடுறாங்க. நிக்கும்போது மீட்டர் நிறையக் காட்டும். மணல்ல இறக்கி மிதிச்சாத்தான் குட்டு வெளிப்படும்.

— அப்ப நான் மிதிக்கிறது சரிதான்.

— மிதிங்க. உடும்பு மேல வேண்டாம்.

— கடல் காத்துல அடிச்சட்டம் துருப்பிடிச்சுப் போகுமாமே?

— மணல்ல படுத்துக் கீழே எட்டிப் பார்த்தீங்களே, ஓட்டை ஏதாச்சும் தெரிஞ்சுதா? உங்க ரொட்டிக் கூடையெல்லாம் ஏத்தி, மேல உங்க மாமியாரையும் உட்கார வைக்கலாம். அசையாது.

— தீவு முடியிற கால்வாய் வரைக்கும் போகுமா?

— போய்த் திரும்பி, மறுபடியும் போய்த் திரும்பும்.

— நடுவுல எங்கயும் நின்னுடாதே?

— என் தொழிலைக் கெடுக்காதீங்கக்கா. வாங்குறவங்க ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கட்டும்னுதானே எல்வின் அண்ணன் கையில கொடுத்தேன்? உங்க வீட்டுக்காரரையே கேளுங்களேன்.

— கேட்டேன். நின்னுடுதுன்னான்.

— என்னது?

— மத்தியானம் ரொட்டி போட எடுத்துட்டுப் போறான்ல, பாதி வழியில பாட்டரி களைச்சுப்போகுதாம். கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்தாத்தான் நகருதாம்.

— ஓய்வா! பாட்டரி என்ன கழுதையாக்கா, நிழல்ல கட்டிப்போட? தீர்ந்தா தீர்ந்ததுதான், செருகி சார்ஜ் ஏத்தணும். அண்ணன் நல்லாத்தான் கதை விட்டு…

— ஏன் நிறுத்திட்டே? முழுசாச் சொல்லு.

— இல்லக்கா… சில பாட்டரி களைச்சுப்போகும். வெயில்ல.

— இப்ப என்ன, நிலா காயுதா?

— இது கொஞ்சம்… மேகமா இருக்கு.

— கண்ணை மூடிக்கிட்டு எடுக்கச் சொன்ன பாட்டரிடா இது. சாயங்காலம் வண்டி உன் பட்டறைக்குத் திரும்பும்போது மீட்டர்ல எவ்வளவு இருக்கும்? மறைக்காமச் சொல்லு.

— கிட்டத்தட்ட நிறைய இருக்கும். அண்ணன் சிக்கனமா ஓட்டுறார்னு நினைச்சேன்.

— சிக்கனம்! வயிறு எரியுதுடா. விடியிறதுக்கு முன்னாடி எழுந்து தேங்காய் துருவி, மாவு பிசைஞ்சு, அடுப்பு முன்னாடி நான் வேகுறேன். எல்லாம் இந்த வண்டிக்காக. அவன் மத்தியானமானா குளிச்சு, மாதா கோயிலுக்குப் போற சட்டையை மாட்டுறான். ரொட்டி விக்கிறவனுக்கு எதுக்குடா அந்தச் சட்டை?

— அட, எங்கயாவது டாமினோ ஆட உட்கார்ந்திருப்பார். இதுக்குப் போயி… ஆம்பிளைங்கன்னா அப்படி இப்படித்தான் இருப்பாங்க. நீங்க பெருசா எடுத்துக்காதீங்க.

— உனக்கென்ன, சொல்லுவே. எரியிறது என் வயிறு. டாமினோ ஆடுறவன் பிடரியில பவுடர் வாசனை எப்படி வரும்?

— பிடரியிலயா?

— முடி வெட்டினதும் தூவுவாங்களே, அந்தப் பவுடர். தினம் தினம் முடி வெட்டிக்கிறவனை எங்கயாவது பார்த்திருக்கியா?

— வண்டி… எந்த வீட்டு வாசல்ல நிக்குதாம்?

— நம்ம ஊர்ல வண்டி எங்கயோ ஆளும் அங்கதான். இந்த வண்டியோட மஞ்சக் கூரை தெருக்கோடியிலேர்ந்தே தெரியுது. மீன் வெட்டுறவன் முதற்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். ரன்வே ஓரத்துல கிடக்கிற உனக்கு மட்டும் யாரும் சொல்லல போல.

— அக்கா, எந்த வீடு?

— வேவா வீடு. முடி வெட்டுற வேவா. ரெண்டு தெரு தள்ளி, பச்சை ஜன்னல். அது வரைக்கும் இந்த வண்டி சாகாம போச்சுன்னா, அவன் சொன்னது அத்தனையும் பொய். அதைப் பார்க்கத்தான் வந்தேன்.

— மிதிங்க.

— என்ன?

— மிதிங்கக்கா. இன்னும் வேகமா.

— இப்பத்தானே அடிச்சுக்கிட்டே, மெதுவாப் போன்னு?

— மெதுவாப் போனது போதும். இல்லன்னா தள்ளி உட்காருங்க, நான் ஓட்டுறேன்.

— என் கையைப் பிடிக்காதேடா, சாக்கடையில விட்டுடப் போறேன்! அந்தா… பார்த்தியா? சைக்கிள். வண்டி இன்னிக்கு நம்மகிட்ட இருக்குன்னு சைக்கிள்லயே வந்துட்டான். கூடையில என் ரொட்டி அப்படியே இருக்கு, ஒண்ணுகூட விக்கல.

— கதவு சாத்தியிருக்கு.

— ஜன்னலும்தான். மீட்டரைப் பாரு, ஒரு கோடுகூட இறங்கல. போதும்டா. இந்த வண்டியை நானே எடுத்துக்கிறேன். என் பேர்ல மட்டும் எழுது, அவன் பேரு எதுலயும் வரக்கூடாது. திருப்பிடலாம்.

— திருப்பாதீங்க.

— உள்ளே போனா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது.

— எனக்கும்தான் தெரியாது.

— நீ எதுக்குடா உள்ளே போகணும்? அவ புருஷன் கடலோட போயி எவ்வளவு காலமாச்சு. தனியா இருக்கிறவ, யாரைச் சேர்த்தா உனக்கென்ன? புருஷனைப் பறிகொடுத்தது நானு!

— ஈஸ்டர் கழிச்சு, பாட்டரி எடுக்கப் போறேன்னு ஊருக்கே சொல்லிட்டு அக்கரையில இருக்கிற பெலிஸ் சிட்டிக்குப் போனேன். பின்னாடி வந்த படகுல வேவா வந்தா. அவ மகன் மனசு மாறுற வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. தனியா இருக்கிறவ இல்லக்கா… அவ என் பொண்டாட்டி.